டிரைவர் பக்கத்துக் கதவு

"ஹலோ... ஹலோ, கேக்குதா? ...ம், இப்பக் கேக்குது. டேய், நீ சொன்னது எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டேன். பழைய டூத் பிரஷ், கந்தைத்துணி, ஒரு மூடி சீமெண்ணெய், அம்மாவோட தையல் மெஷின் எண்ணெய்... ஆமா, அந்த மூக்கு நீட்டுன டப்பாதான். ...ஆமா ஆமா, சமையல் எண்ணெயை ஊத்த மாட்டேன். தூசி ஒட்டிக்கும்னு நேத்தே சொல்லிட்டே. எத்தனை தடவைடா சொல்லுவே?"

காலை எட்டரை மணி. வீட்டு வாசலில் நின்ற வெள்ளைக் காரின் டிரைவர் பக்கத்துக் கதவை விரியத் திறந்துவைத்து, மடித்துப்போட்ட சாக்கின் மேல் மண்டியிட்டிருந்தாள் அவள். ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் சிக்கியிருந்தது. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களைத் தேடிப்போய்ப் புண் துடைத்துக் கட்டு மாற்றுவது அவள் தொழில். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. அதனால் அந்தப் பக்கத்தில் அவளுக்குக் 'கட்டு நர்சு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கார்தான் அவளுக்குக் கால்.

அந்தக் கார் போன வெள்ளிக்கிழமையிலிருந்து கத்த ஆரம்பித்திருந்தது. கதவைத் திறந்தால் ஒரு ஓலம், மூடினால் ஒரு ஓலம். நேற்று ஒரு வீட்டில், வயிற்றில் ஆபரேஷன் ஆனவரின் மனைவி வாசலிலேயே வழிமறித்தாள். ராத்திரி முழுக்க வலியில் முனகிவிட்டு, பத்து மணிக்குத்தான் அவர் கண் அசருகிறாராம். இவள் கார்க்கதவு சரியாக அந்நேரத்துக்கு வந்து எழுப்பிவிடுகிறதாம். அந்த அம்மாள் கோபப்படவில்லை, கெஞ்சினாள். அதுதான் இவளுக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே, நாலு தெரு தள்ளி அறை எடுத்துத் தங்கியிருந்த தம்பிக்கு ஃபோன் போட்டாள். நாலு வருஷம் ஒரு ஒர்க்ஷாப்பில் இருந்தவன், அப்புறம் லாரி ஓட்டியவன், வருகிற திங்கட்கிழமை ஒரு பஸ் கம்பெனியில் டிரைவராகச் சேரப்போகிறவன். ஒர்க்ஷாப்புக்கே போக வேண்டாம், வீட்டிலேயே காசில்லாமல் முடித்துக்கொள்ளலாம், பக்கத்தில் இருந்து சொல்கிற மாதிரி சொல்கிறேன் என்று அவன்தான் சொன்னான்.

"சரி சொல்லு. மொதல்ல என்ன? ...மேல் கீல்ல விரலை வெச்சுக்கிட்டுக் கதவை ஆட்டணுமா? ...ம், இரு. ...கத்துது. உனக்கே கேட்டிருக்குமே. ...இல்ல, விரல்ல ஒண்ணும் தெரியல. அதிரல. ...கீழ் கீலா? இரு, குனியறேன். இந்த முட்டி வேற... ம். ...இதுவும் இல்லடா. மேல கீழ ரெண்டுமே சாதுவாத்தான் இருக்கு. ...நடுவுலயா? நடுவுல என்ன இருக்கு? ...ஓ, இந்தப் பட்டை மாதிரி ஒண்ணு உள்ள போய்ப் போய் வருதே, அதுவா? கதவு ரொம்பத் திறக்காமப் பிடிச்சு நிறுத்துமே, அது. ...ஆமா, பட்டைதான் கத்துது! விரல்ல அப்படியே கிர்ருங்குது."

கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவள் சிரித்தாள்.

"என்னடா சத்தத்தையே காணோம்? ...சரி, எண்ணெய் விடட்டுமா? ...ஓ, மொதல்ல அழுக்கை எடுக்கணும். ஆமா, புண்ணைத் துடைக்காம மருந்து போடுவேனா நானு. ...துணியில சீமெண்ணெய் தொட்டு... ம்... கறுப்பா வருதுடா, பத்து வருஷத்து அழுக்கு. ...ஆனா இந்தப் பட்டை நேரா இருக்கணுமா? ...இல்ல, கேக்கறேன். இது நேரா இல்ல. நுனி வளைஞ்சு இருக்கு. ...பழசானா வளையுமா? இரும்பு பழசானா துருப்பிடிக்கும், தேயும். தானா எப்படிடா வளையும்? ...சரி சரி, நீதான் மெக்கானிக், நான் ஒண்ணும் சொல்லல."

துணியை மறுபடி சீமெண்ணெயில் நனைத்தாள். அவள் கைக்கு ஒரு பழக்கம்: புண்ணை மட்டும் துடைத்து நிறுத்தாது, சுற்றிலும் நாலு விரற்கடைக்குத் துடைத்தால்தான் அதற்கு ஆறும்.

"...கேட்டுட்டுத்தான் இருக்கேன். சொல்லு. ...கதவு விளிம்பையா? ஏன், துடைச்சா என்ன? அதுவும் ஒரே அழுக்கு. ...எதுக்குத் துடைக்கக் கூடாது? ...பெயிண்ட் போயிடுமா? பத்து வருஷமா போகாத பெயிண்ட் இன்னிக்கு எப்படிடா போ..."

பேச்சு பாதியில் நின்றது. துணியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுண்ணாம்பு மாதிரி, பிசுபிசுவென்று. விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் கரைந்து, உள்ளே இன்னொரு பெயிண்ட் தெரிந்தது. அதுதான் காரின் சொந்த வெள்ளை, பழுப்பேறியது. அதன் நடுவே கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்தில் கறுப்பாக ஒரு தேய்ப்பு. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ரப்பர்.

"டேய்."

"...இல்ல, லைன்லதான் இருக்கேன். ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. கதவு விளிம்புல யாரு பெயிண்ட் அடிச்சது? ...எனக்குத் தெரியாதுன்னு சொல்லாதே. துணியோட வருதுடா. ஒரு வாரத்துப் பெயிண்ட்டு. ...உள்ள அடி வாங்கியிருக்கு. அதுல ரப்பர் ஒட்டியிருக்கு. ...சுவத்துல இடிச்சுதா? எந்தச் சுவத்துலடா ரப்பர் இருக்கு?"

"...ம். ...ம். ...மெதுவாச் சொல்லு, ஒண்ணும் புரியல. ...வியாழக்கிழமை. ஆமா, வியாழக்கிழமை நீதான் காரை எடுத்துட்டுப் போனே. எனக்குக் கட்டுத்துணி வாங்கத்தான் போனே. ...கடைக்கு எதிர்ல நிறுத்தினே. ...ம். ...கதவைத் திறந்தே. ...பின்னாடி பார்க்காமயா? ...சைக்கிளா?"

அவள் மெல்ல எழுந்து, திறந்த கதவு வழியாக டிரைவர் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். கால்கள் வெளியே தொங்கின. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சின்னப்பிள்ளைச் சட்டைகள் வரிசையாகக் கொடியில் ஏறின. ஒவ்வொன்றாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உயிரோட இருக்காரா? ...அதை மொதல்ல சொல்லு. ...ம். ...அப்பாடா. ...எங்க அடி? ...தலையில, புருவத்துக்கு மேல. தையல் எத்தனை? ...அஞ்சு. சரி. அப்புறம்? ...கையா? எந்தக் கை? ...வலது மணிக்கட்டு. ...பிளேட் வெச்சிருக்காங்களா? ...என்ன வேலை பாக்கறாரு? ...சத்தமாச் சொல்லு. ...பூட்டு ரிப்பேரா? சைக்கிள்ல பெட்டி வெச்சுக்கிட்டுத் தெருத்தெருவா வந்து சாவி போட்டுத் தருவாங்களே, அந்த மாதிரியா? ...ஐயோ. பூட்டுக்காரருக்கு வலது மணிக்கட்டாடா..."

மணிக்கட்டில் பிளேட் வைத்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கட்டுப் பிரித்த பிறகும் மாசக்கணக்கில் அவர்களால் ஒரு பாட்டில் மூடியைத் திருக முடியாது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண் கலங்கிய ஆம்பிளைகளை அவளுக்குத் தெரியும். சாவிக்கு அரம் போடுவது எந்தக் காலம்?

"அப்ப நீ விட்டுட்டு ஓடி வந்துட்டியா? ...இல்லையா? ...நம்ம கார்லயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனியா? சரி. அது நல்லது பண்ணே. ...அப்ப என்னடா பயம்? ...அப்புறம்? ...ம். ...ஆஸ்பத்திரிப் போலீஸ் எழுதிக்கும்போது கேட்டாங்க. நீ என்ன சொன்னே? ...'யாரோ இடிச்சுட்டுப் போயிட்டாங்க, நான் தூக்கிட்டு வந்தேன்'னா? ...கையெழுத்து வேற போட்டியா? ...அவரு? அவரு ஒண்ணும் சொல்லலையா? ...ஞாபகம் இல்லையா. எதுல மோதினாருன்னே அவருக்குத் தெரியலையா. ...அப்ப உன்னை யாருன்னு நினைச்சுட்டு இருக்காரு?"

மறுமுனை வெகுநேரம் பேசியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"...தினமும் ஃபோன் பண்றாரா? ...காலையில எந்திரிச்சதும் உனக்குத்தான் பண்றாரா. ...'தம்பி, நீங்க இல்லேன்னா ரோட்டுலயே கிடந்திருப்பேன்'. ...ம். ...கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரின்னு சொன்னாரா? அதைக் கேட்டுட்டு நீ சும்மா இருந்தியா? தெய்வம் குறுக்கே வந்து தள்ளியே விட்டுடுச்சேடா! அதைச் சொல்ல வேண்டியதுதானே? ...நான் கத்தல. ...சரி, கத்தறேன். கத்தாம கொஞ்சுவாங்களா உன்னை?"

"...என்ன பெரிய உபகாரம்? மருந்து வாங்கிக் குடுத்தியா, சைக்கிளை ரிப்பேருக்கு விட்டியா, நல்லது. அதெல்லாம் நீ குடுக்கறதா நினைச்சுத்தானே அவரு வாங்கிக்கறாரு? அவருக்குச் சேர வேண்டியதையே அவருக்குத் தானம் பண்ணிட்டு இருக்கே. ...வேற என்ன சொல்லியிருக்கே? இன்னும் ஏதோ இருக்கு, உன் குரல்லயே தெரியுது. ...சொல்லு. ...என் அக்கா நர்சுன்னு சொல்லிட்டியா? ...நான் வந்து கட்டு மாத்துவேன்னு சொன்னியா? எப்பலேர்ந்து? ...இன்னிக்கா?"

இந்தக் காரில், இந்தக் கதவைத் திறந்துகொண்டு, அந்த வீட்டு வாசலில் இறங்கியிருப்பாள். அந்த மனிதர் இடது கையைத் தூக்கி வணக்கம் சொல்லியிருப்பார்.

"அதான் நேத்து அவ்வளவு அக்கறையாக் கதவுக்கு வைத்தியம் சொன்னியா? ஒர்க்ஷாப்புக்குப் போனா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு! நானும் தம்பி பாசமா இருக்கான்னு... ...பேசாதே. ஒரு நிமிஷம் பேசாதே. ...இரு, சீட்டு உறை. வெள்ளிக்கிழமை காலையில அம்மா பின்சீட்டு உறையை உருவித் துவைச்சாங்க. டீ கொட்டிடுச்சுன்னு சொன்னாங்க. ...டேய், அது டீதானா?"

அவள் திரும்பி, துவைத்து வெளுத்த பின்சீட்டு உறையைப் பார்த்தாள்.

"...அம்மாவுக்குத் தெரியும். ...அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும். ...நீ சொல்ல வேண்டாம்னியா, அவங்க சொல்ல வேண்டாம்னாங்களா? ...ம். அதானே. அவங்களுக்கு நீ கண்ணாடிப் பாத்திரம், நான் அலுமினியச் சட்டி. எனக்கு அடிபட்டா நெளிவு எடுத்துக்கலாம். ...இல்லடா, இப்ப அந்தக் கணக்கு வேண்டாம். விடு."

"...தெரியும். திங்கட்கிழமை வேலை. கேஸுன்னு ஒண்ணு வந்தா எடுக்க மாட்டாங்க. தெரியும்டா. ரெண்டு வருஷமா நீ அலைஞ்சது எனக்குத் தெரியாதா? விண்ணப்பத்தை எழுதிக் குடுத்ததே நான்தானே. ...ஆனா நாப்பது பேரை உட்காரவெச்சு ஓட்டப்போறே. பின்னாடி பார்த்துக் கதவைத் திறக்கத் தெரியாதவன்... ...சரி. தப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. யாருக்கும் ஒரு நொடி தவறும். அதுக்கப்புறம் ஆறு நாள் இருந்துச்சு பாரு, அதைத்தான் கேக்கறேன்."

அப்போதுதான் அவன் குரல் உயர்ந்திருக்க வேண்டும். ஃபோனைக் காதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப்பிடித்தாள்.

"...என்ன? ...என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு. ...நானா? நான் என்ன பண்ணேன்? ...யாரு லைன்ல இருந்தா? ...அன்னிக்கு..."

அன்றைக்கு அவள் ஒரு நோயாளி வீட்டில், பிரித்த புண்ணோடு, கட்டுத்துணி தீர்ந்துபோய்க் காத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு மூன்று தடவை ஃபோன் போட்டாள். மூன்றாவது தடவை எடுத்தான். எங்கேடா போய்த் தொலைஞ்சே, சோம்பேறி, இறங்கு, ஓடு, வாங்கு என்று ஒரே மூச்சில் கொட்டினாள். நடுவில் 'தட்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஏதோ உருள்கிற சத்தம். அவள் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு வாக்கியம் திட்டினாள். அவன்தான், வெச்சுடறேன் அக்கா என்று வைத்தான். கார் அன்று ராத்திரிதான் வீடு திரும்பியது. அந்தச் சத்தத்தைப் பற்றி அவள் இந்த ஆறு நாளில் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"...ஆமா. ...ஆமாடா. நான்தான் பேசிட்டிருந்தேன். ...அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ...இல்ல, நீ மன்னிப்பெல்லாம் கேக்காதே. நீ கோவத்துல சொன்னாலும் அது நெஜம்தானே. ...ஓட்டுறவன்கிட்ட ஃபோன்ல கத்தக்கூடாதுன்னு எனக்கு யாரு சொல்லித்தரணும்? ...எடுத்தது உன் தப்பு, அடிச்சுக்கிட்டே இருந்தது என் தப்பு. ...ம். ...ம்."

எண்ணெய் டப்பாவின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு வழிந்து சாக்கில் பரவியது.

"சரி, இப்பக் கேளு. ரெண்டு பேரும் போவோம். ...எங்கேன்னா, அவர் வீட்டுக்கு. அதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்கு. நீ கையெழுத்துப் போட்டது பொய்யி, அதை நீயே போய் மாத்திச் சொல்லணும். ...கதவை நான் தொட மாட்டேன். இப்படியே இருக்கட்டும், போலீஸ் பார்க்கட்டும். காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. அவரு கை வைத்தியத்துக்கு அதுலேர்ந்து பணம் வரும், ஆனா நெஜத்தைச் சொன்னாத்தான் வரும். யாரோ இடிச்சுட்டுப் போனாங்கன்னா அவரு யார்கிட்டடா போய்க் கேப்பாரு? அதை யோசிச்சியா நீ? ...யோசிச்சே. ...யோசிச்சும் சும்மா இருந்தே."

"...என்ன சத்தம் அது? பீப் பீப்னு... ...உன் ஃபோன்லயா? யாரு கூப்பிடறா? ...அவரா? ...டேய், எடு. ...இல்ல, நேர்ல சொல்லிக்கலாம்னு தள்ளாதே. ஆறு நாளா அதைத்தான் பண்ணிட்டிருக்கே. நேர்லயும் சொல்லுவோம், இப்பவும் சொல்லு. அவரு 'வணக்கம் தம்பி'ன்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடு. நன்றின்னு ஒரு வார்த்தை அவரு வாயிலேர்ந்து இனிமே வரக்கூடாது. ...நான் வெக்கல. லைன்ல இருக்கேன். எடு. எடுடா!"

ஏதோ ஒரு சொடுக்கு. அப்புறம் வெறும் டொய்ங், டொய்ங். அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மற்றவர்களின் வலியை நேரம் பார்த்து அளக்கிறவள். இன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். கையில் டம்ளர். மகளின் மடியில் கிடந்த துணியையும் அதிலிருந்த வெள்ளையையும் பார்த்ததும் டம்ளர் பாதிவழியில் நின்றது.

"வெச்சுட்டுப் போம்மா. ...தெரியும். எல்லாம் தெரியும். ...அவனைக் காப்பாத்தத்தான் பண்ணே. நான் இல்லேங்கல. ...உன் பிள்ளை ஆறு நாளா தூங்கல, அது தெரியுமா உனக்கு? நீ மூடிவெச்சது அவனை உள்ளுக்குள்ள தின்னுட்டிருக்கு. சீழை உள்ளவெச்சுக் கட்டினா கட்டு சுத்தமாத்தான்ம்மா இருக்கும், மேலுக்கு. ...நீ இப்ப அழுதா எனக்குக் கை ஓடாது. உள்ள போ. ...போம்மா. அந்தப் பத்து மணி வீட்டுக்கு ஃபோன் போட்டு, இன்னிக்கு வேற நர்சு வருவாங்கன்னு சொல்லிடு. நம்பர் காலண்டர்ல எழுதியிருக்கு."

அம்மா போகவில்லை. டம்ளரை மெல்ல மதில்மேல் வைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் வந்து, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டொய்ங் சத்தம் திடுமென நின்றது.

"ஹலோ. ...ம், நான்தான். ...சொல்லிட்டியா? ...முழுசா? ...கதவைத் திறந்தது நீதான்னு? ...நான் லைன்ல இருந்ததையும் சொன்னியா? ...அதை எதுக்குச் சொல்லாம விட்டே? ...சரி, அதை நான் சொல்லிக்கறேன். ...அவரு என்ன சொன்னாரு? ...ஒண்ணுமே சொல்லலையா? ...லைன்ல இருந்தாரா? ...ம். மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. ...அப்புறம்? ...மகள்கிட்ட ஃபோனைக் குடுத்துட்டாரா. ...ம். ...ம். ...திட்டட்டும்டா. என்ன வார்த்தை சொன்னாலும் தகும். ...அப்பாவை இனிமே கூப்பிடாதேன்னாங்களா? ...வீட்டுப் பக்கம் வராதேன்னு வேற. ...ம்."

"...இல்ல, போகத்தான் வேணும். உள்ள விடலேன்னா வாசல்ல நிப்போம். கதவைச் சாத்தினா நாளைக்குப் போவோம். மன்னிக்கச் சொல்லிப் போகல. மன்னிக்கறதும் மன்னிக்காததும் அவங்க இஷ்டம். ...கட்டை நான் மாத்த வேண்டாம்னா வேற நர்சை அனுப்பறேன், நல்லவங்களா எனக்கு ரெண்டு பேரைத் தெரியும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும், இல்லேன்னா உள்ள பழுத்துடும். அவங்க கோவத்துல அதை விட்டுடக் கூடாது."

"...வேலை போச்சுன்னா போச்சு. ...ஆமா, பெரிய விஷயம்தான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பயமாத்தான் இருக்கு. ...தெரியலடா. என்ன ஆகும்னு எனக்கும் தெரியல. எழுதிக்குவாங்க, கேப்பாங்க, உட்காரவெப்பாங்க. நான் பக்கத்துல இருப்பேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். ...ம். அம்மா இங்கதான் நிக்கறாங்க. ...பேசறியா? ...சரி, வேண்டாம். அப்புறமாப் பேசு."

அவள் எழுந்தாள். சாக்கை உதறி மடித்தாள். கந்தைத்துணியைத் தூக்கி எறியப் போனவள், யோசித்து, அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு முன்சீட்டில் வைத்தாள். சீமெண்ணெய் நாறிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"டேய், லைசென்ஸை எடுத்துக்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டு, மருந்து பில்லு, எது இருந்தாலும் எடுத்துக்க. ...கால்மணி நேரத்துல வந்துடறேன், தெருமுனையில நில்லு. ...நான்தான் ஓட்டுவேன். நீ பக்கத்துல உட்காரு. ...அழாதே. ...சரி, அழு, அழுதுட்டு மூஞ்சியைக் கழுவிட்டு வா. ...காலையில ஏதாவது சாப்பிட்டியா? ...ராத்திரியும் இல்லையா? ...ரெண்டு வாய் ஏதாவது போட்டுக்க. அங்க எப்ப விடுவாங்களோ. ...ம். ...ம், வரேன். ...வரேன்டா. வெச்சுடறேன்."